தளியில் ஒரு பகல் நாடகம்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் ஓசூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். நம் கலைப்பள்ளியில் புதிதாக ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பள்ளி எப்படி ஆரம்பித்தது, அந்தக் காலத்தில் என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். எனக்கு ஞாபகம் இருந்ததைச் சொன்னேன். கிளம்பும்போது உங்களில் ஒரு பெண், செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், நிகழ்ச்சி நடுவுல ஏதாவது தகராறு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் ஏதோ சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. வாசலில் நின்றபடி சொல்லிமுடிக்கிற பதில் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். ஓசூரில் இப்போது ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கிற இடங்களில் அப்போது கேழ்வரகு விளைந்தது. பள்ளியும் ஓசூரில் இல்லை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மலையை ஒட்டி ஒரு மாங்காய் மண்டிக் கொட்டகையில் இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் கொட்டகை முழுக்க எங்களுக்கு. சீசன் வந்துவிட்டால் பாதியில் மாங்காய் குவிந்துகிடக்கும், மீதிப் பாதியில் நாங்கள் ஆடுவோம். மாங்காயைப் பழுக்கப் போட்ட வைக்கோலின் வெக்கையும் வாசனையும் உடையிலெல்லாம் ஏறிவிடும். இன்றைக்கும் கடைவீதியில் மாம்பழக் கூடையைத் தாண்டிப் போகும்போது, யாரோ தாளம் தப்பவிட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பள்ளியை ஆரம்பித்தவரை நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டோம். சின்ன வயது முதல் நாடகக் கம்பெனியில் நடித்தவர். கம்பெனி கிருஷ்ணகிரியில் கொட்டகை போட்டிருந்த சமயத்தில், மழையில் வசூல் இல்லாமல் கலைந்துபோனது. மற்றவர்கள் அவரவர் ஊருக்கு பஸ் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத் திரும்பிப் போறதுக்கு எந்த ஊரு இருக்குது? பெட்டிய எங்க எறக்கி வச்சனோ அதான் ஊரு" என்றார்.

நான் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. தவக்காலத்தில் எங்கள் ஊரில் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்துப் பழகியிருந்தேன். அந்தத் தைரியத்தில் வேலை கேட்டுப் போனேன். பெரியக்கா ஆர்மோனியத்தை என் முன்னால் தள்ளி, "வாசி" என்றார். நான் வாசிக்க ஆரம்பித்ததும் அவர் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் என்னோடு பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு கட்டைகளைப் பார்த்தபடியே பதில் சொன்னேன்.

"கட்ட எங்கியும் ஓடிப்போவாது சூசை. ஆளப் பாரு. பேசப்போறவன் மூச்சு இழுக்கறது உனக்குத் தெரியணும். அது தெரிஞ்சாத்தான் நீ எனக்கு வேணும்" என்றார்.

நான் சேர்ந்த முதல் சில மாதங்கள் வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நடிப்பவர்களின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கப் பழகினேன். அவ்வளவுதான்.

அங்கே என்ன பயிற்சி என்று கேட்டீர்களே. காலையில் எல்லோரும் மலைப்பாறையைப் பார்த்து நின்று குரல் கொடுப்போம். பாறை திருப்பிச் சொல்லும். தெளிவில்லாமல் சொன்னால் அதுவும் தெளிவில்லாமல் சொல்லும். பிறகு பாட்டு, தாளம், ஆட்டம், வசனம். உடை தைப்பதும் பாடத்தில் சேர்த்தி. ஒரு நாடகத்தில் யாருக்கு எந்த வேஷம் என்றாலும், எல்லோருக்கும் எல்லா வசனமும் பாடமாக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரே வேலைதான். வீட்டில் பேசுகிற பாஷையில் ஒரு கதை சொல்ல வேண்டும். எங்களிடம் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், கன்னட வீட்டுப் பிள்ளைகள், உருது பேசுகிறவர்கள், தமிழர்கள் எல்லாம் இருந்தார்கள். அந்தப் பாஷை தெரியாதவர்களைத்தான் முன்னால் உட்கார வைப்பார் பெரியக்கா. கதை முடிந்ததும் அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிக் கதையாவது பிடிபட்டிருந்தால் சொன்னவர் பாஸ்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒருமுறை நாடகம் போட்டோம். மாட்டுச் சந்தை. எங்களிடம் கோபால் என்று ஒரு வாட்டசாட்டமான பையன், எப்போதும் வில்லன் வேஷம் அவனுக்குத்தான். அவன் மேடையில் நின்று யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கும்போது, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஒரு எருது மேடை ஏறிவிட்டது. ஏறியதோடு நில்லாமல், நாடகக் குடிசைக்கு நாங்கள் வேய்ந்திருந்த வைக்கோலை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. கோபால் கட்டுப்பாடான பையன். எருது ஒன்று அங்கே இல்லவே இல்லை என்பதுபோல வசனத்தை முழுசாகப் பேசி முடித்தான். சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்குப் பெரியக்கா அவனைத் திட்டவில்லை. கொட்டகைக்கு வந்த பிறகு எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "சனம் பாக்கறத நீ பாக்கலன்னா, நீ பாக்கறத சனம் எப்படிப் பாக்கும்?"

இனி தளிக்கு வருகிறேன்.

எங்களிடம் ரத்னம்மா என்று ஒரு பெண் இருந்தாள். கர்நாடக எல்லையோரம், தளிப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவளை, கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்த சித்தி தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். தையல் கற்றுக்கொள்கிறாள் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது பொய்யும் இல்லை. எங்கள் நாடக உடைகளில் பாதி அவள் தைத்தவைதான். ஆனால் உடை தைக்க வந்தவள் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து ஊசியை ஓட்டியபடி வசனங்களை முணுமுணுத்ததைப் பெரியக்கா கவனித்துவிட்டார். ஒருநாள் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, அவளைப் பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அப்படிச் சேர்ந்தவள்தான்.

அவள் நடிப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மேடையில் அவள் அழ மாட்டாள். அழ வேண்டிய இடம் வந்ததும் கையில் இருக்கிற வேலையை இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் செய்வாள். கூடையைத் துடைத்து வைப்பாள், புடவை மடிப்பைச் சரிசெய்வாள். பார்க்கிறவர்கள் அழுதுவிடுவார்கள்.

அந்த வருடம் பெரியக்கா எழுதிய நாடகம் ஒன்றை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தியின் புருஷன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போகிறான். போனவனிடமிருந்து தகவல் இல்லை. அவனுடைய சித்தப்பன் நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கிறான். அவள் ஒற்றையாக நின்று நிலத்தைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் புருஷன் திரும்பி வருகிறான். சித்தப்பனாகக் கோபால், மனைவியாக ரத்னம்மா. நாகரசம்பட்டியில் போட்டபோது மாந்தோப்புக் காவல்காரர்கள் கோபாலை அடிக்க எழுந்துவிட்டார்கள். அந்த அளவுக்கு நன்றாகப் போனது.

பிறகு தளியிலிருந்து அழைப்பு வந்தது. ஊர்த் திருவிழா. பெரியக்கா கமிட்டிக்காரர்களுக்கு உடனே பதில் சொல்லவில்லை. ரத்னம்மாவைக் கூப்பிட்டு, "உங்க ஊருப் பக்கம். போலாமா? நீ வேணாம்னா பிலோமினா நடிக்கட்டும்" என்றார். பிலோமினா ரத்னம்மாவுக்குத் தோழி, குரல் வகுப்பில் பக்கத்தில் நிற்பவள். ரத்னம்மா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "போலாங்க்கா" என்றாள். "எங்கண்ணன் வாரத்துல பாதி நாள் பெங்களூர்ல இருப்பான், உருளைக்கிழங்கு லோடோட. இருந்தா இருக்கட்டும். எப்பன்னா ஒருநா தெரியத்தான போவுது."

கிளம்புகிற நாளில் பெரியக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்து, "நீ பாத்துக்க சூசை" என்றார். அதற்கு முன் எந்த ஊருக்கும் அவர் இல்லாமல் நாங்கள் போனதில்லை.

தளியில் நாடகம் பகலில்தான். காட்டோரத்து ஊர். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும், சனங்கள் அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். பகல் நாடகத்தில் ஒரு சங்கடம் உண்டு. ராத்திரியில் விளக்கு நம்மேல் இருக்கும், எதிரே இருட்டு. பகலில் எல்லா முகமும் தெரியும். நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் நம்மை இன்னும் நன்றாகப் பார்ப்பார்கள். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நல்ல கூட்டம் உட்கார்ந்திருந்தது. வண்டிகளைச் சேர்த்துப் பலகை போட்டு மேடை. பின்னால் ஒரு படுதா, அதற்குப் பின்னால் நாங்கள்.

படுதாவுக்குப் பின்னால் பிலோமினாதான் ரத்னம்மாவுக்குப் பொட்டு வைத்துச் செவ்வந்திப் பூ வைத்தாள். மற்ற ஊர்களில் ரத்னம்மா தானே வைத்துக்கொள்வாள்.

இரண்டாவது காட்சி. சித்தப்பன் கைநாட்டு வைக்கச் சொல்லி மிரட்டுகிறான். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். நான் மேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசுவதற்கு மூச்சு இழுத்தாள். இழுத்த மூச்சு அப்படியே நின்றது. கண் கூட்டத்தில் ஓரிடத்தில் போய் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்டது. "கெளகெ இளி!" கீழே இறங்கு என்று கன்னடத்தில் ஒருவன் கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தான். அவள் அண்ணன் முனிராஜு. அந்த வாரம் அவன் பெங்களூர் போகவில்லை. திருவிழா பார்க்க வந்தவன், பூவும் பொட்டுமாக மேடையில் நிற்கும் தங்கையைப் பார்த்துவிட்டான். அதே கூட்டத்தில் அவளுடைய மாமியார் ஊர் ஆட்களும் இருந்தார்கள்.

கோபால் வேஷத்தோடு மேடை விளிம்புக்கு வந்துவிட்டான். ஏறி வருகிறவனைப் பிடித்துத் தள்ளத் தயாராக நின்றான். வாசித்துக்கொண்டே இருந்தால் கூட்டம் அடங்கிவிடும் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. ஆனால் அத்தனை பேரும் முனிராஜுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவன் இல்லாததுபோல வாசிப்பதா? ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

"கோபாலு, அவர் மேல கை வைக்காத" என்றேன். பிறகு முனிராஜுவிடம் குனிந்து கை நீட்டினேன். "அண்ணா, மேல வாங்க. உள்ள போய்ப் பேசலாம். உங்க தங்கச்சி எங்கியும் போயிடல."

அவன் என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் ஏறி வந்தான். படுதாவுக்குப் பின்னால் போனோம். கமிட்டித் தலைவரும் வந்துவிட்டார், தலைப்பாகை கட்டிய வயதான மனிதர். வெளியே மிருதங்கக்காரரைத் தனி வாசிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

முனிராஜு ரத்னம்மாவைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினான், உடைந்த தமிழில். "தையல்னு சொன்னாங்க. தையல் இதா? அவ மாமியார் வீட்டு ஆளுங்க கூட்டத்துல குந்தியிருக்கறாங்க. நாளைக்கி நான் எப்படி அந்த வழியா வண்டி ஓட்டறது? எங்கம்மா எப்படித் தண்ணிக்குப் போவா?"

இப்போது அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கமிட்டித் தலைவர் நல்லவர். திருவிழா கெடக்கூடாது என்பது அவர் கவலை. "இன்னா சார் இது பெரிய விசயமா? அந்தப் பொட்டையும் பூவையும் எடுத்துட்டு நடிக்கட்டும். அண்ணங்காரனுக்கும் மனசு ஆறிப்போவும், நாடகமும் நடக்கும்" என்றார்.

பிலோமினா என் காதருகே வந்து, "எனக்கு எல்லா வசனமும் தெரியும் சார். நான் போறேன், சேல மாத்திக்கறேன்" என்றாள்.

இரண்டுமே நல்ல யோசனைகள்தான். யாருக்கும் அடி விழாது, நாடகமும் நிற்காது. பெரியக்கா இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. அவர் வேண்டுமென்று மனம் அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். எனக்கு அப்போது உங்கள் வயதுதான் இருக்கும். வெளியே மிருதங்கம் ஓடிக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரரும் எவ்வளவு நேரம் வாசிப்பார்?

பிலோமினாவிடம் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ரத்னம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்தை இன்னும் கையில் பிடித்திருந்தாள். அதில் மிச்சமிருந்த கேழ்வரகை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள், ரொம்ப ஒழுங்காக. எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமாக நாலு பேர் பேசுகிறோம், யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரத்னம்மா, நீ இன்னா சொல்ற?" என்றேன். "பொட்ட எடுத்துட்டுப் போறியா, பிலோமினா போவட்டுமா, இல்ல இத்தோட நிறுத்திடலாமா? நீ எது சொன்னாலும் அதான். வேற யார் சொல்றதும் இல்ல."

அவள் கேழ்வரகை ஒதுக்கி முடித்தாள். பிறகு கமிட்டித் தலைவரைப் பார்த்துச் சொன்னாள்: "பொட்டு இல்லாம போய் நின்னா சனம் அவ புருசன் செத்துட்டான்னு நெனச்சிக்கும். அவன் சாகல ஐயா. கடைசி சீன்ல வரான்."

அடுத்தது அண்ணனுக்கு. அவள் கன்னடத்தில் சொன்னாள். எனக்கும் அவ்வளவு கன்னடம் தெரியும். "செத்தது என் புருசன். அவ புருசன் இல்ல. என் பொட்ட நீங்கல்லாம் சேர்ந்து அழிச்சீங்க, நான் ஒண்ணும் சொல்லல. இது அவளோட பொட்டு. இத அழிக்க எனக்கு உரிமை இல்ல, உனக்கும் இல்ல."

முனிராஜு அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"கதய முடிச்சிட்டு வரேன்" என்றாள் அவள். "முடிஞ்சதும் உன்னோட வூட்டுக்கு வரேன். நீ கூப்புடாட்டியும் வரேன். அம்மாவப் பாக்கணும். ஆனா முடிக்காம வர மாட்டேன்."

அவன் வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். நான் மேடைக்கு வந்தேன். மிருதங்கம் நின்றது. கூட்டம் என்னையே பார்த்தது. நடந்ததை மறைத்துப் பேச எனக்கு வரவில்லை. "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல ஒரு பேச்சு இருந்துச்சிங்க. பேசிட்டாங்க. கதை விட்ட எடத்துலருந்து நடக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆர்மோனியத்தைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன். முனிராஜு போகவில்லை. மேடைக்குக் கீழே, நட்ட நடுவில், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தங்கை நடிப்பதைப் பார்க்க அவனுக்கு மனசில்லை. ஆனால் அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அப்படி உட்கார்ந்ததில் அவன் முகம் கூட்டத்தைப் பார்த்து இருந்தது.

ரத்னம்மா முறத்தோடு வந்தாள். மூச்சு இழுத்தாள். நான் சுதி கொடுத்தேன். கோபால் மறுபடியும் மிரட்ட ஆரம்பித்தான், குரல் கொஞ்சம் பிசிறியது.

கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "தாலி அறுத்தவளுக்குப் பூவு கேக்குதா பூவு!" அவனோடு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமியார் ஊர்க்காரர்கள். ரத்னம்மா நிறுத்தவில்லை. ஆனால் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது.

முனிராஜு எழுந்தான். அவன் மறுபடியும் மேடை ஏறப்போகிறான் என்று எழப்போனேன். அவன் மேடைப்பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "யாரது?" என்றான். சத்தம் அடங்கியது. "எந்தங்கச்சி அவ. பேசறதுன்னா எங்கிட்ட வந்து பேசு."

யாரும் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதே இடத்தில், அதே மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். பெரிய பெரிய மண்டபங்களிலும் வாசித்தாயிற்று. ஆனால் அன்றைக்கு அவள் நடித்ததுபோல ஒரு நடிப்புக்கு நான் அதற்குப் பிறகு வாசித்ததில்லை. அவள் குரலை உயர்த்தவே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கம்பளியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்கள். தமிழ் சரியாகத் தெரியாத சனம். ஒன்றுமே தவறவில்லை அவர்களுக்கு. கடைசியில் புருஷன் வேஷக்காரன் தகரப்பெட்டியோடு மேடை ஏறினபோது திருவிழாவே கத்தியது. ஒரு கிழவி எழுந்து நின்று, "வந்துட்டான், வந்துட்டான்" என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் தட்டித் தட்டிச் சொன்னாள். முனிராஜு மட்டும் திரும்பவில்லை.

முடிந்ததும் ரத்னம்மா முகம் கழுவினாள். பூவை எடுத்து உடைப்பெட்டியில் வைத்தாள். அவளுடைய பழைய புடவையில், வெறும் நெற்றியோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"திரும்பி வருவியா?" என்றேன்.

"தெரியல சார்" என்றாள்.

அண்ணன் முன்னால் நடந்தான், அவள் பின்னால் போனாள். கூட்டம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கோபால் ஒப்பனையைக்கூடக் கலைக்கவில்லை, வில்லன் மீசையோடு உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தான்.

பெரியக்கா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நான் செய்தது சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. "அவளக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன். "செரி" என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் குரல் வகுப்பில் ரத்னம்மா நிற்கிற இடம் காலியாக இருந்தது. பிலோமினா தள்ளி நிற்கப் போனாள். "அங்கியே நில்லு" என்றார் பெரியக்கா. அப்படியே அந்த இடைவெளியோடு நின்று குரல் கொடுத்தோம். நாள் போனது. தளியிலிருந்து சேதி இல்லை. அவள் சித்திக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாடகத்தில் பிலோமினா நடித்தாள், நன்றாகவே நடித்தாள். மழைக்காலம் பிடித்துக்கொண்டது, குரல் வகுப்பும் கொட்டகைக்குள் வந்தது. கொட்டகைக் கூரை ஒழுகி, ஆர்மோனியத்தை மூலைக்கு மூலை தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஆட்டம் பாட்டமெல்லாம் நடந்தது, ஆனால் எனக்கு அந்த மாதங்களில் எதிலும் பிடிப்பில்லை. பிழைக்கத் தெரியாதவன்போல ஒரு கேள்வியைக் கேட்டு ஒரு நல்ல நடிகையைத் தொலைத்துவிட்டோமோ என்று இருந்தது. பிலோமினாவை அனுப்பி அந்த நேரத்தைச் சமாளித்திருந்தால் ரத்னம்மா அன்றைக்கே எங்களோடு லாரியில் வந்திருக்கலாம். இதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சரியென்று நினைத்து நாம் செய்வதற்குப் பலன் உடனே வராது, சில சமயம் வராமலே போகலாம். அந்த நேரத்தில் யாருக்கு அது அதிகமாக வலிக்குமோ, அவரைக் கேட்டோமா என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

ஒருநாள் காலையில், தூறலில், காய்கறி லாரி ஒன்று கொட்டகை வாசலில் வந்து நின்றது. முனிராஜு இறங்கினான். மறுபக்கத்திலிருந்து ரத்னம்மா இறங்கினாள், தலையில் முக்காட்டோடு, கையில் துணி மூட்டையோடு. முனிராஜு ஒரு மூட்டை முட்டைக்கோஸை இறக்கி வாசல் ஓரத்தில் வைத்தான். உள்ளே வரவில்லை. நனைந்துகொண்டே நின்றான். பெரியக்கா வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

அவன் பெரியக்காவைப் பார்த்துக் கும்பிட்டான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினான். "எங்கம்மா கேட்டா, அந்தக் கதையில அந்தப் பொம்பளைக்கி நெலம் கெடச்சிதான்னு. கெடச்சிதுன்னு சொன்னேன். காதுல கேட்டேன்ல. புருசன் எப்படி இருந்தான்னு கேட்டா. அது எனக்குத் தெரியல, நான் பாக்கல. அப்புறம் அவளே போய் ரத்னம்மாகிட்டக் கேட்டுக்கிட்டா. தெனமும் அதே கத. ராத்திரி சோத்துக்கு அப்பறம் அந்தக் கதயத்தான் சொல்லச் சொல்றா."

பெரியக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப ஊர்ல என்னப் பாத்தா எல்லாரும் ஒண்ணுதான் கேக்கறாங்க. ஏம்ப்பா, அடுத்த நாடகம் எப்பன்னு. சந்தைக்குப் போனாலும் கேக்கறான், டீக்கடையிலயும் கேக்கறான். நான் இன்னா பதில் சொல்றது அக்கா?"

"அத எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் பெரியக்கா. "நடிக்கறவளக் கேளுங்க."

முனிராஜு தயங்கினான். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், கன்னடத்தில் கேட்டான். எப்போது வருவீர்கள் என்று. ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல இல்லை. ஒரு பெரிய மனுஷியிடம் தேதி கேட்பதுபோல இருந்தது.

ரத்னம்மா யோசித்தாள். மலையைப் பார்த்தாள், தூறலைப் பார்த்தாள்.

"மழ நிக்கட்டும்ணா" என்றாள். "சொல்லி அனுப்பறேன்."

துணி மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். குரல் வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது.